பொன்னும் போரும் – 9: பதினான்கு காரட்

1963 ஜனவரி 10 முதல் இந்தியாவில் 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிதாக நகை செய்வது குற்றமாயிற்று. முந்தைய நாள் நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் அறிவித்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகளில் முதன்மையான கட்டளை இதுதான். தலைமுறை தலைமுறையாக 22 காரட்டில் தாலியும் வளையலும் செய்து பழகிய நாட்டில், ஓர் இரவு விடிவதற்குள் அந்தப் பொன் பட்டறையில் வைக்கக்கூடாத பொருளாகிவிட்டது.

நாடு அப்போது போரில் இருந்தது என்றும் சொல்ல முடியாது, அமைதியில் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1962 அக்டோபர் 20-இல் சீனப் படை எல்லை தாண்டித் தாக்கியது. 26-ஆம் தேதி அவசரநிலை பிரகடனமானது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் சேலா கணவாயும் பொம்டிலாவும் வீழ்ந்தன. 21-ஆம் தேதி சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்தது.

துப்பாக்கிகள் ஓய்ந்தன. டெல்லியின் அச்சம் ஓயவில்லை.

சென்ற பகுதி அசாமின் தேஜ்பூர் நகரத்தில் நின்றது. சீனர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஊரே காலியானபோது, அங்கிருந்த ஸ்டேட் பாங்க் கிளையில் ரூபாய் நோட்டுகளைத் தீயில் போட்டார்கள். நாணயங்களை மூட்டை கட்டிக் குளத்தில் இறக்கினார்கள். எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று ஓர் அரசு தன் பணத்தைத் தானே எரித்த அந்த நாட்களில்தான், இந்தப் பகுதியின் கதையும் தொடங்குகிறது. காகிதப் பணம் எரியும், பொன் எரியாது என்பது அரசுக்கும் தெரியும், மக்களுக்கும் தெரியும். யார் கையில் அந்தப் பொன் இருக்க வேண்டும் என்பதில்தான் இருவருக்கும் வழக்கு.

தந்த கைகள்

தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பொன் குவிந்தது உண்மை. பிரதமர் நேருவின் மகள் இந்திரா காந்தி தம் நகைகளைத் தந்தார். ஊர்தோறும் கூட்டங்களில் பெண்கள் கைவளையைக் கழற்றி மேடையில் வைத்தார்கள். சென்னை மாநிலத்தில், அதே ஆண்டு ஜூலையில் விலைவாசி உயர்வை எதிர்த்து மறியல் நடத்திச் சிறை சென்று வந்த அண்ணாதுரை, போர் என்றதும் மத்திய அரசுக்குத் துணை நிற்பதாக அறிவித்தார். அரிசி விலைக்காக அரசோடு மோதியவர்கள் சில மாதங்களில் அதே அரசுக்காக நிதி திரட்டினார்கள்.

இந்த உணர்ச்சியை வைத்து நிதி அமைச்சகம் ஒரு கணக்குப் போட்டது. மக்கள் கேட்காமலேயே இவ்வளவு தருகிறார்கள், முறையாகக் கேட்டால் எவ்வளவு வரும்?

நாட்டு மக்களிடம் இருந்த தங்கத்தை ரிசர்வ் வங்கி 1958-இல் மதிப்பிட்டிருந்தது. பத்தரைக் கோடி அவுன்ஸ். சர்வதேச விலையில் ஏறத்தாழ 1,750 கோடி ரூபாய். அந்நியச் செலாவணிக்காக ஒவ்வொரு நாட்டின் கதவையும் தட்டிக்கொண்டிருந்த அரசுக்கு அந்த எண் எப்படித் தெரிந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. வெளியே கடன் கேட்கும் நாட்டின் உள்ளே, பெட்டியிலும் கழுத்திலும் ஒரு பெரும் புதையல்.

62 ரூபாய் 50 காசு

அந்நியச் செலாவணி நெருக்கடி போரோடு வந்ததல்ல. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதிகளால் 1956-க்குப் பிறகு கையிருப்பு வேகமாகக் கரைந்தது. ரூபாய் நோட்டுகளுக்கு ஈடாக ரிசர்வ் வங்கி வைத்திருக்க வேண்டிய வெளிநாட்டு இருப்பின் அளவை 1956-இல் ஒரு முறையும் 1957-இல் மறுமுறையும் சட்டத் திருத்தத்தால் மாற்ற நேர்ந்தது. கடைசியில் நின்ற வரம்பு 200 கோடி. அதில் 115 கோடி தங்கமாக இருக்க வேண்டும். 1958-இல் உலக வங்கியின் முன்முயற்சியில் உதவி நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. மூன்றாம் திட்டம் அந்த உதவியை நம்பியே 1961-இல் தொடங்கியது. அதன் இரண்டாம் ஆண்டில் போர் வந்தது.

இங்கே ஒரு விலையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியின் எல்லாக் குழப்பமும் அந்த விலையிலிருந்துதான் கிளைக்கிறது.

உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 35 டாலர். அப்போதைய நாணய மாற்று விகிதத்தில் அது தோலாவுக்கு 62 ரூபாய் 50 காசு. புதிய மெட்ரிக் எடையில் 10 கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு. ரிசர்வ் வங்கி தன் தங்கத்துக்குப் போட்ட மதிப்பும் இதுதான். இந்தியச் சந்தையிலோ 10 கிராம் 100 ரூபாயைத் தாண்டி வெகுநாளாகியிருந்தது. 1947 முதல் தங்க இறக்குமதிக்குத் தடை. கோலார் சுரங்கம் தருவது நாட்டின் ஆசைக்கு முன்னால் ஒரு கைப்பிடி. வரத்து இல்லை, தேவை குறையவில்லை. அதனால் உள்நாட்டு விலை வெளிநாட்டு விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கில் நின்றது.

அந்த இடைவெளியில்தான் கடத்தல் வளர்ந்தது. பத்துத் தோலா பிஸ்கட் ஒன்றின் எடை 116.64 கிராம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சர்வதேச மதிப்பில் அது 625 ரூபாய். லண்டனில் முறைப்படி வாங்கப்பட்டு, துபாயில் முறைப்படி இறங்கி, அங்கிருந்து பாய்மரப் படகில் ஏறும்போதுதான் அது கள்ளத் தங்கமாகும். கித்தான் துணியில் வரிசையாகப் பைகள் தைத்த உள்சட்டைக்குள் புகுந்து பம்பாய்க் கரை சேர்ந்துவிட்டால் விலை இரட்டிப்பு. அதற்கு ஈடான பணம் வெள்ளியாகவும், கணக்கில் குறைத்துக் காட்டிய ஏற்றுமதி வருவாயாகவும் நாட்டைவிட்டு வெளியேறியது. பீரங்கி வாங்கப் போயிருக்க வேண்டிய டாலர், வளையல் வாங்கப் போயிற்று என்பது அரசின் குற்றச்சாட்டு. அதில் பொய்யில்லை.

கோலார் சுரங்கங்களும் 1962-இன் இறுதியில் மைசூர் அரசிடமிருந்து மத்திய அரசின் கைக்கு மாறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் அப்போதே உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறைச் சூட்டில் இறங்கி வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள். அவர்கள் வெட்டியெடுத்த பொன்னையும் அரசு சர்வதேச விலைக்கே எடுத்துக்கொண்டது.

16.3 டன்

முதல் முயற்சி வற்புறுத்தல் அல்ல, வேண்டுகோள். 1962 நவம்பரில், போர் நடந்துகொண்டிருந்தபோதே, தங்கப் பத்திரங்கள் வெளியாயின. தங்கத்தை அரசிடம் கொடுத்தால் பதினைந்து ஆண்டுப் பத்திரம். வட்டி ஆண்டுக்கு 6.5 சதவீதம். வரிச் சலுகைகளும் உண்டு. அதே மாதம் தங்கத்தில் முன்பேர வணிகமும் தடை செய்யப்பட்டது.

பத்திரத்துக்காக அரசு தங்கத்தை எடுத்துக்கொண்ட விலை 10 கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு.

தெருமுனை நகைக்கடையில் 100 ரூபாய்க்கு மேல் போகும் பொருளை, பாதி விலைக்கு, பதினைந்து ஆண்டுக்குத் தர வேண்டும். திரும்பக் கிடைப்பது தங்கமல்ல, ரூபாய். வட்டியைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த எந்தக் குடும்பத் தலைவியும் இந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவாள். நாட்டுக்காகக் கழற்றிக் கொடுத்த வளையலுக்கு அவள் விலை பேசவில்லை. முதலீடு என்று சொல்லிக் கேட்டபோது விலை பார்த்தாள்.

வந்து சேர்ந்தது 16.3 டன். ரிசர்வ் வங்கி மதிப்பிட்டிருந்த பத்தரைக் கோடி அவுன்ஸ் என்பது 3,200 டன்னுக்கும் மேல். இருநூறில் ஒரு பங்கு.

இந்தத் தோல்வியை அமைச்சகம் இரண்டு விதமாகப் படித்திருக்கலாம். விலை தவறு என்று படித்திருக்கலாம். மக்களின் பழக்கம் தவறு என்றும் படித்திருக்கலாம். மொரார்ஜி தேசாய் இரண்டாவதைத் தேர்ந்தார். திருப்பம் இங்கேதான்.

விதி 12-அ

மொரார்ஜி தேசாய் காந்திய ஒழுக்கத்தில் ஊறியவர். பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்கை உறுதியாக நடத்தியவர். நகை மோகத்தையும் அவர் ஒரு சமூகத் தீமையாகவே கண்டார். பொன்மீது மக்களுக்குள்ள பற்றைத் தளர்த்தினால் கடத்தலின் வேரே அறுந்துவிடும் என்று மனமார நம்பினார். அவருடைய நேர்மையை எதிரிகள்கூடச் சந்தேகித்ததில்லை. அந்த நேர்மையே அவரை இந்த விஷயத்தில் யாருக்கும் செவி கொடுக்காதவராக ஆக்கியது.

நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமாக இது வரவில்லை. அவசரநிலையை ஒட்டிப் பிறந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அரசுக்கு விதி செய்யும் அதிகாரத்தை அகலமாகவே தந்திருந்தது. அந்தப் பாதுகாப்பு விதிகளில் 12-அ என்று ஒரு புதிய பகுதியைச் சேர்த்தார்கள். எதிரியின் உளவாளியைப் பிடிக்கவும், படை நகர்வை மறைக்கவும் எழுதப்பட்ட விதித் தொகுப்புக்குள் மூக்குத்தியும் தோடும் நுழைந்தன.

விதிகள் சொன்னவை சுருக்கமாக இவை. நகையாக இல்லாத தங்கம், அதாவது கட்டி, பிஸ்கட், காசு ஆகியவற்றை ஒரு சிறு அளவுக்கு மேல் வைத்திருப்பவர் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அத்தகைய தங்கத்தை அனுமதியின்றி வாங்கக் கூடாது. தங்க வணிகருக்கும் உருக்குபவருக்கும் உரிமம் வேண்டும். ஏற்கெனவே உள்ள நகைகளை யாரும் தொடமாட்டார்கள்; அணியலாம், வைத்திருக்கலாம். இனிமேல் செய்யும் நகை மட்டும் 14 காரட்டைத் தாண்டக் கூடாது.

ஏன் 14? கலப்பில்லாத பொன் 24 காரட். வழக்கமான ஆபரணத் தங்கம் 22. எட்டு கிராம் எடையுள்ள ஒரு சவரன் நகையில், 22 காரட்டானால் 7.33 கிராம் சுத்தப் பொன் இருக்கும். 14 காரட்டானால் 4.67 கிராம்தான். மீதி செம்பும் வெள்ளியும். அதே எண்ணிக்கையில் நகை செய்தாலும் பொன் தேவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும் என்பது முதல் கணக்கு. 14 காரட் நகையைச் சேமிப்பாக யாரும் கருதமாட்டார்கள், ஆகவே நகை மீதுள்ள ஆசையே வாடிவிடும் என்பது இரண்டாவது. ஐரோப்பாவில் 14 காரட்டில்தானே நகை செய்கிறார்கள் என்ற வாதமும் உடன் வந்தது.

காகிதத்தில் பிழையில்லாத கணக்கு. பட்டறையில் அது என்ன ஆயிற்று என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தை பிறக்க நான்கு நாள்

விதிகள் நடைமுறைக்கு வந்த நாள் மார்கழி 26. தை பிறக்க நான்கு நாள் இருந்தது.

தமிழ்நாட்டுப் பத்தருக்கு இதைவிடக் கெட்ட நேரம் ஆண்டில் வேறில்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை முகூர்த்தங்களுக்கான வேலை மார்கழியில்தான் பட்டறைக்கு வரும். பெண்ணின் தாயார் பழைய சங்கிலியையும் கொடியையும் கொண்டுவந்து, அழித்துப் புதிதாகச் செய்யச் சொல்லியிருப்பார். அழிப்பது என்றால் உருக்குவது. உருக்கிய பின் அது நகையல்ல. திரும்ப நகையாக்க வேண்டுமானால் 14 காரட்டில்தான் ஆக்க வேண்டும். பாட்டியின் 22 காரட் அட்டிகை பேத்தியின் கழுத்துக்கு வருவதற்குள் செம்போடு கலந்தாக வேண்டும்.

ஒரு பத்தரின் பட்டறையில் இருப்பவை மிகக் கொஞ்சம். கரி போட்ட குமுட்டி, ஊதுகுழல், மண் மூசை, பட்டறைக்கல், சிறு சுத்தியல்கள், சாமணம், கம்பி இழுக்கத் துளையிட்ட இரும்புத் தகடு, வெங்காரம், ஒரு சின்னத் தராசு, உரைகல். அந்தக் கருவிகளைவிட அவருடைய கையும் கண்ணும்தான் மூலதனம். 22 காரட் பொன் மிருதுவானது. மூக்கணி முதல் முகப்பு வரை, தட்டினால் விரியும், இழுத்தால் நீளும், ஒரு குண்டுமணி அளவுப் பொன்னைத் தலைமுடி போன்ற கம்பியாக்கலாம். மாற்று என்ன என்பதை உரைகல்லில் இழைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

14 காரட் வேறு உலோகம்தான். செம்பு மிகுந்ததால் சுத்தியலுக்குச் சீக்கிரம் இறுகும். மறுபடி மறுபடி காய்ச்சி இளக்காவிட்டால் ஓரம் வெடிக்கும். நெருப்பில் காட்டினால் மேல் கறுக்கும். பற்றவைக்கும் பொடிக்கும் வேறு கலவை வேண்டும். நிறம் சிவந்து நிற்கும். இயந்திரமும் அமிலத் தொட்டியும் உள்ள தொழிற்சாலைக்கு இதெல்லாம் பொருட்டல்ல. திண்ணையில் குமுட்டி வைத்து வேலை செய்பவருக்கு, கை பழகிய தொழிலை ஐம்பது வயதில் முதலிலிருந்து கற்பது போல.

அப்படிக் கற்றுக்கொண்டாலும் வாங்குவதற்கு ஆள் வர வேண்டுமே. 14 காரட் நகையை அடகுக் கடையில் வைத்தால் எவ்வளவு தருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்று மாற்றினால் என்ன கிடைக்கும் என்றும் தெரியாது. செய்கூலி கொடுத்து, சேதாரம் கொடுத்து, கடைசியில் கையில் நிற்பது செம்பா பொன்னா என்ற சந்தேகத்தோடு யார் பட்டறைப் படி ஏறுவார்கள்? புதிய வேலை கொடுப்பதையே பலர் நிறுத்திவிட்டார்கள்.

கோவையிலும், மதுரைத் தெற்காவணி மூல வீதியைச் சுற்றிய சந்துகளிலும் விடிந்தது முதல் கேட்கும் சுத்தியல் சத்தம் அடங்கியது. பத்தரோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள் பலர்: கல் பதிப்பவர், மெருகு போடுபவர், கம்பி இழுக்கும் பையன், பட்டறைத் தூசியை வாங்கிச் சென்று அலசிப் பொடிப்பொன் எடுப்பவர். பட்டறையில் பொன் உராயாவிட்டால் அந்தத் தூசியிலும் ஒன்றுமில்லை.

பத்தர் சொந்தப் பொன்னில் வியாபாரம் செய்பவரல்ல. பொன் வாடிக்கையாளருடையது, அவருக்கு உரியது கூலி. கடத்தல்காரனை நோக்கி எறியப்பட்ட கல், அவனுக்கு வெகு தூரத்தில், கூலிக்கு வேலை செய்தவர் தலையில் விழுந்தது.

பெட்டியில் இருந்தது என்ன?

பொன்னைச் சேர்ப்பது மூடப் பழக்கம் என்ற கருத்தின் மேல்தான் விதி 12-அ நின்றது. அந்தக் கருத்தைச் சோதிக்கச் சென்னையின் நினைவே போதும்.

1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது; ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் கதவடைத்தது. அதெல்லாம் பழைய கதை என்று தள்ளினாலும், 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்க் மூடப்பட்டது. தங்க விதிகள் வருவதற்கு இரண்டரை ஆண்டுக்கு முன்னால்தான். அந்த அதிர்ச்சியில் பிறந்த வைப்புத்தொகைக் காப்பீடு 1962 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு 1,500 ரூபாய் வரை. பெரும்பாலான கிராமங்களில் வங்கிக் கிளையே கிடையாது.

பெண்களின் நிலை இன்னும் நேரடியானது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு தந்தாலும், பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை மகனுக்கே இருந்தது. நிலம் அவள் பேரில் இல்லை, வீடு அவள் பேரில் இல்லை. அவளுக்கென்று இருந்தது கல்யாணத்தில் போட்ட நகை. புருஷனுக்கு உடம்பு சரியில்லாமல் போனால், மழை பொய்த்தால், பிள்ளைக்குப் படிப்புச் செலவு வந்தால், அந்த வளையல்தான் அடகுக் கடைக்குப் போகும், அறுவடையில் மீண்டு வரும். முடங்கிக் கிடக்கும் செல்வம் என்று டெல்லி சொன்ன பொருள், ஊரில் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

வங்கியும் காப்பீடும் ஓய்வூதியமும் வருமுன்னே நகையைக் கைவிடச் சொன்னது அரசு. இந்த விதியின் மிகப் பெரிய பிழை அதுவே.

அடங்காத குரல்

எதிர்ப்பு சில நாட்களிலேயே எழுந்தது. பம்பாய் ஜவேரி பஜாரின் வணிகர்கள் பேசினார்கள். அவர்களுக்குப் பணமும் வாயும் இருந்தன. பத்தர்கள் ஊர்வலம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், மனுக் கொடுத்தார்கள். பிறகு நாட்டின் பல பகுதிகளிலிருந்து பொற்கொல்லர்களின் தற்கொலைச் செய்திகள் வரத் தொடங்கின. எத்தனை பேர், எத்தனை மரணங்களுக்கு இந்த விதியே காரணம் என்பதில் அரசுக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் நாடாளுமன்றத்தில் கடும் வாதம் நடந்தது. எண்ணிக்கையைப் பற்றிய அந்த வாதமே, நடந்துகொண்டிருந்த துயரத்தின் அளவைக் காட்டியது.

அரசு மறுவாழ்வுத் திட்டங்களை அறிவித்தது. வேறு தொழில் தொடங்கக் கடன். தொழிற்பயிற்சி. அரசு வேலைகளில் வயது வரம்புத் தளர்வு. வேலை இழந்த பொற்கொல்லர் என்று அரசுப் பதிவேடுகளில் ஒரு புதிய வகையே தோன்றியது. ஊதுகுழலைத் தவிர வேறொன்றையும் பிடித்தறியாத கை, மனுவில் கையெழுத்திட்டு வரிசையில் நின்றது.

கடத்தல் நின்றதா? அறிவிப்பை ஒட்டிச் சந்தை விலை இறங்கியது உண்மை. ஆனால் உலக விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் இருந்த இடைவெளி மூடவில்லை. இடைவெளி இருக்கும் வரை படகும் இருந்தது. கணக்கும் உரிமமும் கேட்கப்பட்ட வெளிச்சந்தை சுருங்க, கதவைச் சாத்திக்கொண்டு 22 காரட்டில் செய்து கொடுக்கும் இரவுப் பட்டறைகள் பெருகின. நேற்றுவரை நேர்மையான தொழிலாளியாக இருந்தவர், அதே வேலையைச் செய்ததற்காகக் குற்றவாளியானார்.

மண்ணெண்ணெயும் கட்டாயச் சேமிப்பும்

தங்கத்தோடு நின்றிருந்தால் கோபம் பஜாரோடு நின்றிருக்கக்கூடும். 1963 பிப்ரவரி 28-இல் மொரார்ஜி தேசாய் அளித்த பட்ஜெட் அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோயிற்று.

பாதுகாப்புச் செலவுக்கு 867 கோடி ரூபாய். போருக்கு முந்தைய பட்ஜெட்டில் ஒதுக்கியதைப் போல இரு மடங்குக்கும் மேல். அந்தப் பணத்துக்காகக் கம்பெனிகள் மீது மிகை லாப வரி. வருமான வரியில் கூடுதல் சர்சார்ஜ். மண்ணெண்ணெய் மீது தீர்வை உயர்வு. இவற்றுக்கு மேல் கட்டாய வைப்புத் திட்டம். ஆண்டுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவோர், நிலவரி கட்டுவோர், சொத்து வரி கட்டுவோர், விற்பனை வரி செலுத்தும் வணிகர்கள் எனப் பலரும் வருவாயில் ஒரு பகுதியை அரசிடம் கட்டாயமாகப் போட்டுவைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து 4 சதவீத வட்டியோடு திரும்பும்.

மாதம் 125 ரூபாய் சம்பளக்காரரையும் நிலத்தோடு போராடும் சிறு விவசாயியையும் ஒரே வலையில் பிடித்த திட்டம் இது. மின்சாரம் எட்டாத கிராமத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான் வெளிச்சம். போரின் செலவு அந்தத் திரி வரை எட்டியது.

செலவைக் கூட்டியதில் அரசைக் குறை சொல்ல இடமில்லை. படைவீரர்கள் குளிர்ச்சட்டை இல்லாமல் இமயத்தில் நின்றதை நாடே கேள்விப்பட்டு வெந்திருந்தது. யார் தோளில் எவ்வளவு ஏற்றுவது என்ற இடத்தில்தான் கை தவறியது.

மூன்று தொகுதிகள், ஒரு திட்டம்

மே மாதத்தில் மக்களவை இடைத்தேர்தல்கள் வந்தன. அம்ரோஹாவில் ஆச்சார்ய கிருபளானி வென்றார். ஃபரூக்காபாத்தில் ராம் மனோகர் லோகியா. ராஜ்கோட்டில் மினு மசானி. ஒரே வீச்சில் நேரு அரசின் கடுமையான மூன்று விமர்சகர்கள் அவைக்குள் வந்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவின் மக்களவை கண்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. சீனாவிடம் தோற்றது மட்டும் அங்கே விவாதமாகவில்லை. வரி, தங்கம், கட்டாய வைப்பு எல்லாம் வந்தன. நாட்டில் இருபத்தேழு கோடிப் பேர் ஒரு நாளைக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள் என்று லோகியா போட்ட கணக்கு, அரசின் பதினைந்து அணாக் கணக்கோடு மோதியது. வாக்கெடுப்பில் ஆதரவு 62, எதிர்ப்பு 347. அரசு பிழைத்தது. ஆனால் அவையின் எண்ணிக்கை வெளியே இருந்த மனநிலையைக் காட்டவில்லை என்பது காங்கிரஸுக்கே தெரிந்திருந்தது.

அதை முதலில் சொன்னவர் சென்னை முதலமைச்சர் காமராஜ். மூத்தவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற அவருடைய யோசனை அந்த ஆகஸ்டிலேயே காரியக் கமிட்டியின் ஒப்புதலைப் பெற்றது. எல்லோரும் விலகல் கடிதம் கொடுத்தார்கள். யாரை விடுவிப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு நேருவிடம் போயிற்று. ஆறு முதலமைச்சர்கள், ஆறு மத்திய அமைச்சர்கள். காமராஜ் தம் பெயரைத் தாமே முதலில் போட்டார். மத்திய அமைச்சர்கள் வரிசையில் லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன் ராம் ஆகியோரோடு மொரார்ஜி தேசாயின் பெயரும் இருந்தது.

தம்மை ஒதுக்கவே இந்தத் திட்டம் என்று மொரார்ஜி கருதினார். அதில் எவ்வளவு உண்மை என்பது வேறு விவாதம். தங்கமும் கட்டாய வைப்பும் அவரைச் சுற்றி எழுப்பியிருந்த கசப்பு, அவரை விடுவிப்பதை நேருவுக்கு எளிதாக்கியது என்பதில் மட்டும் ஐயமில்லை.

1963 ஆகஸ்ட் 31-இல் நிதி அமைச்சர் நாற்காலியில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அமர்ந்தார். அவருக்கு அது புதிய நாற்காலியல்ல. 1956 முதல் 1958 வரை அங்கே இருந்தவர். அந்நியச் செலாவணிக் கையிருப்பு சரிந்ததை அங்கிருந்தே பார்த்தவர். முந்த்ரா பங்கு ஊழல் விவகாரத்தில் பதவி இழந்தவர். பிறகு மீண்டும் அமைச்சரவைக்கு வந்து, போர்க்காலத்தில் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்புத் துறையைக் கவனித்தவர். அரசுக்கு ஏன் தங்கம் தேவை என்பதும் தெரியும். சென்னைக்காரர் என்பதால் தை மாதத்துப் பட்டறைக்குப் பொன் ஏன் தேவை என்பதும் தெரியும்.

அவருடைய மேசையில் இரண்டு கோப்புகள் காத்திருந்தன. ஒன்று கட்டாய வைப்பு. மற்றொன்று விதி 12-அ. 14 காரட் வரம்பை எடுத்தால், எல்லையில் அச்சம் தீராத நேரத்தில் அரசு பணிந்துவிட்டது என்று ஆகும். துபாய்ப் படகுகளுக்கும் கொண்டாட்டம். எடுக்காவிட்டால் அடுத்த தையும் பட்டறைகளில் குமுட்டி எரியாது.

கட்டாய வைப்பின் விஷயத்தில் அவர் தயங்கப்போவதில்லை. தங்கத்தில்? பாட்டியின் அட்டிகையைப் பேத்திக்கு 22 காரட்டிலேயே அழித்துச் செய்யலாம் என்று ஒரு சிறு வாசலை மட்டும் திறப்பாரா, அல்லது போர்க்கால விதியை நிரந்தரச் சட்டமாக்கி வாசலையே பூட்டுவாரா?

(தொடரும்)